யாரும் சாகாத ஒரு தேதி

திருத்தங்கல்
20.06.2025

பானு,

நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு வாய் வரவில்லை. எட்டு மாதம் ஆகிவிட்டது. உன் பழைய நம்பருக்குப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். 'உபயோகத்தில் இல்லை' என்று ஒரு பெண் சொல்கிறாளே, அவள் குரல்தான் வருகிறது. அவளோடு எனக்கு நல்ல பழக்கமே ஆகிவிட்டது. அதனால்தான் ஆமத்தூரில் உன் அம்மா வீட்டு விலாசத்துக்குத் தபாலில் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழி.

இங்கே பிரஸ்ஸில் சீசன் ஆரம்பித்தாயிற்று. ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியே வர வேண்டும். அதற்குள் வருஷம் முழுக்க நாளுக்கு ஒன்றாகக் கிழிக்கிற தாள்களுக்கும் நான் மேட்டர் கொடுத்தாக வேண்டும். ராசிபலனுக்கு ஜோசியர் இருக்கிறார். நல்ல நேரத்துக்குப் பஞ்சாங்கம் இருக்கிறது. தேதிக்குக் கீழே 'வரலாற்றில் இன்று' என்று ஒரு வரி வருமே, அதற்கு மட்டும் நான். என் தம்பி என்னை 'தேதிக்காரி' என்றுதானே கேலி பண்ணுவான்.

நேற்று அக்டோபர் மாதத்துக்கு வந்தேன். இருபதாம் தேதி வரை எழுதிவிட்டேன். அடுத்த தேதியில் கை நின்றுவிட்டது.

அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன், ஒரு தடவையாவது எழுதிப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. எம். புதுப்பட்டிப் பக்கம் பட்டாசு செய்கிற பயர் ஆபீஸில் மருந்து அறை வெடித்துத் தம்பி மாரிக்கண்ணன் போனான். சேதி கேட்டு உனக்கு வலி எடுத்தது. விருதுநகர் ஆஸ்பத்திரியில் விளக்கு வைக்கிற நேரத்துக்கு உன் மகள் மாரிசெல்வி பிறந்தாள். என் அம்மா வராந்தாவில் தலையில் அடித்துக்கொண்டு, "அப்பன முழுங்கிட்டுல்ல வந்துருக்கா" என்று கத்தினாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. உள்ளே கட்டிலில் கிடந்த உன் காதில் அது விழுந்தது என்று பிறகுதான் தெரிந்தது. நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே ஆமத்தூருக்குப் போய்விட்டாய்.

போன வாரம் நம் தெருப் பாண்டிச்செல்வி உன்னை ஆமத்தூர் பஸ் ஸ்டாப்பில் பார்த்தாளாம். பிள்ளை எப்போது பிறந்தாள் என்று யாரோ கேட்டதற்கு நீ 'அக்டோபர் இருபத்திரண்டு' என்றாயாம். பானு, அவள் பிறந்தது இருபத்தொன்று.

ஏன் மாற்றிச் சொல்கிறாய் என்று கேட்கிற உரிமை எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். பிள்ளையைப் பார்க்க வரலாமா என்றும் கேட்கிறேன். மூக்கு அப்படியே தம்பி மூக்கு என்றாளே பாண்டிச்செல்வி, நிஜமா?

அருணாதேவி


ஆமத்தூர்
02.07.2025

மதினி அவர்களுக்கு,

கிழிக்கத்தான் எடுத்தேன். பிள்ளை பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டாள். எச்சில் காய்ந்த பிறகு படித்தேன்.

புது நம்பர் தர மாட்டேன். போனில் பேசினால் அழுவேன், இல்லாவிட்டால் திட்டுவேன். எழுதினால் கொஞ்சம் யோசித்துத் திட்டலாம்.

ஆமாம், இருபத்திரண்டு என்றுதான் சொல்கிறேன். ராத்திரி பன்னிரண்டு தாண்டிப் பிறந்தாள் என்று சொல்கிறேன். உங்கள் அம்மா சொன்னது ஒரு தடவை. அதற்குப் பிறகு எத்தனை வாய் என்று உங்களுக்குத் தெரியாது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. பிள்ளையைக் கொஞ்ச வருகிறவர்கள் தேதியைக் கேட்டதும் நீட்டிய கையை இழுத்துக்கொள்கிறார்கள். ஒருத்தி, "பொம்பளப் பிள்ள வேற, போற வீடு எப்பிடியோ" என்று என் முகத்துக்கு நேரே சொன்னாள். பிறப்புச் சர்ட்டிபிகேட்டில் இருபத்தொன்று என்றுதான் இருக்கிறது. அதைத் துணிக்கு அடியில் வைத்திருக்கிறேன். நாளைக்கு ஸ்கூலில் சேர்த்தால் அந்தத் தேதியில் அவள் மிட்டாய் கொடுக்க வேண்டும். அதே நாளில் நான் அவள் அப்பா படத்துக்கு மாலை போட வேண்டும். எப்படி மதினி?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இத்தனை நாள் அதை யாரிடமும் சொல்லவில்லை. அவர் தினம் காலையில் காலண்டர் தாளைக் கிழித்து, உங்கள் வரியைச் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் பல் விளக்கவே போவார். அன்றைக்கும் படித்தார். 'வெடிமருந்தைப் பாதுகாப்பாகக் கையாள வழி கண்ட ஆல்ஃபிரட் நோபல் பிறந்த நாள்.' படித்துவிட்டுச் சிரித்தார். "ஏ பானு, எங்கக்கா இன்னைக்கு நம்ம குலசாமியப் போட்டுருக்கா பாரு" என்று சொல்லிவிட்டுத்தான் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பாதுகாப்பாக! அந்தச் சொல்லை எந்த நேரத்தில் எழுதினீர்களோ.

நீங்கள் அதை முந்தின வருஷமே எழுதியிருப்பீர்கள், உங்களுக்கு என்ன தெரியும் என்று என் அம்மா சொல்கிறாள். சரிதான். ஆனால் கோபத்துக்குக் கணக்குத் தெரியாது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். எல்லாத் தேதியையும் நீங்கள்தானே கையில் வைத்திருக்கிறீர்கள். உங்கள் காலண்டரில் ஒரு தாளில்கூடக் கெட்டது நான் பார்த்ததில்லை. எல்லா நாளும் யாரோ பிறந்த நாள், எதையோ கண்டுபிடித்த நாள். அப்படியென்றால் சுத்தமான தேதி எங்கேயாவது இருக்கும்தானே? யாரும் சாகாத, எதுவும் எரியாத, எங்கேயும் வெடிக்காத ஒரே ஒரு தேதி. அதைக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள். என் மகளுக்கு அதுதான் பிறந்தநாள் என்று வைத்துக்கொள்கிறேன். அன்றைக்கு நீங்கள் வரலாம். அதுவரை வர வேண்டாம்.

பானுப்பிரியா

மூக்கு அவருடையதுதான்.


திருத்தங்கல்
16.07.2025

பானு,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. குலசாமி என்றானா? அவன் சொல்லக்கூடியவன்தான்.

வந்த அன்றே தேட ஆரம்பித்துவிட்டேன். சுத்தமான தேதி இருக்கும் என்று நீ நினைத்ததற்குக் காரணம் நாங்கள்தான். "சாமி படத்துக்குக் கீழ தொங்குற தாளு தாயி, அதுல சாவு, தீ, வெள்ளம் ஒண்ணும் வரப்படாது" என்று முதலாளி நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார். தலைவர்கள் நினைவு நாள் மட்டும் போடலாம். அதனால் நான் என்ன செய்வேன் என்றால், ஒவ்வொரு தேதிக்கும் நடந்ததையெல்லாம் கம்ப்யூட்டரில் வருஷ வரிசைப்படி அடித்து வைத்துக்கொள்வேன். அதில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி வரிசைக்கு அடியில் கொண்டுபோய் வைப்பேன். பக்கம் கட்டுகிற பாண்டிராஜ் அந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்துத் தாளில் போட்டுவிடுவான். மற்றதெல்லாம் உள்ளேயே கிடக்கும். இத்தனை வருஷமாக நான் பொறுக்கினேனே தவிர, கிடப்பதை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததே இல்லை. உனக்காக இப்போதுதான் பார்த்தேன்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

ஜனவரி இருபத்தாறில் ஆரம்பித்தேன். கொடியேற்றுகிற நாள், அதில் என்ன இருக்கப்போகிறது என்று. 2001இல் அதே நாளில் குஜராத்தில் பூமி குலுங்கியிருக்கிறது. கொடிபிடித்துத் தெருவில் ஊர்வலம் போன பிள்ளைகள் வீடு திரும்பவில்லை. கிறிஸ்துமஸுக்குப் போனேன், கீழ்வெண்மணி இருந்தது. கணித மேதை ராமானுஜன் பிறந்த டிசம்பர் இருபத்திரண்டுக்குப் போனேன். பின்னால் ஒரு வருஷம் அதே தேதி ராத்திரிதான் தனுஷ்கோடியில் கடல் வந்து ரயிலை ஆளோடு கொண்டுபோனது. ஆகஸ்ட் ஆறு ஹிரோஷிமா. ஆனால் பென்சிலின் மருந்தைக் கண்டுபிடித்து எத்தனையோ உயிரைக் காப்பாற்றின ஃபிளெமிங் பிறந்ததும் ஆகஸ்ட் ஆறுதான். நாலு வருஷத்துக்கு ஒரு தடவை தலைகாட்டுகிற பிப்ரவரி இருபத்தொன்பதாவது தப்பித்திருக்கும் என்று ஆசையாக ஓடினேன். 1960இல் மொராக்கோ நாட்டில் ஒரு பட்டணமே அன்றைக்கு மண்ணுக்குள் போயிருக்கிறது.

இதை எழுதுகிற இன்றைய தேதியையே பார். ஜூலை பதினாறு. கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் எரிந்த நாள். டி.வி.யில் அந்தப் பிள்ளைகளின் செருப்பைக் காட்டியபோது அம்மா சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதே ஜூலை பதினாறில்தான், 1969இல், மூன்று மனிதர்கள் நிலாவுக்குக் கிளம்பினார்கள். ஒரே தேதி பானு! அதே பெட்டிக்குள் இதுவும் கிடக்கிறது, அதுவும் கிடக்கிறது. ஒன்றுக்கொன்று தெரியவே தெரியாது.

உன் தேதிக்கும் போனேன். போகாமல் முடியவில்லை. எடிசனின் விளக்கு முதன்முதலாக மணிக்கணக்கில் அணையாமல் எரிந்தது அக்டோபர் இருபத்தொன்று என்கிறார்கள். சிங்கப்பூரில் நேதாஜி சுதந்திர அரசை அறிவித்தது அன்றுதான். அந்தக் கூட்டத்தில் ரப்பர் தோட்டத்துக்கு வேலைக்குப் போன நம் பக்கத்து ஆட்களும் நின்றிருப்பார்கள், சந்தேகமே இல்லை. 1966இல் வேல்ஸ் தேசத்தில் அபர்ஃபேன் என்று ஒரு சுரங்க ஊர். சுரங்கத்திலிருந்து அள்ளி மலைமாதிரிக் கொட்டி வைத்திருந்த கழிவு மழையில் சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. நூற்றுக்கும் மேலே பிள்ளைகள். அந்த ஊர் ஆண்களெல்லாம் அதே சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள்தான்.

நோபலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வரியை எழுதியபோது இது எனக்குத் தெரியாது. அவருக்கு எமில் என்று ஒரு தம்பி இருந்தான். அவர்களுடைய சொந்த வெடிமருந்துப் பட்டறையே வெடித்து அவன் செத்தான். அதற்குப் பிறகுதான் அண்ணன் விடாமல் பாடுபட்டு அந்த மருந்தை அடக்கி வைக்க வழி கண்டிருக்கிறார். தம்பியைப் பறிகொடுத்த ஒருவன் பிறந்த நாளைத்தான் நான் என் தம்பி படிக்கும்படி எழுதி வைத்திருக்கிறேன். இதை நினைத்துக்கொண்டு பிரஸ் வாசலில் ரொம்ப நேரம் நின்றேன். அழுகையாகவும் வரவில்லை, பயமாகவும் இல்லை. பெரிய கோயிலுக்குள் முதல் தடவை நுழைந்தால் வாய் அடைத்துப்போகுமே, அப்படி இருந்தது.

ஆக, நீ கேட்ட தேதி இல்லை. ஆனால் வெறும் கையோடு நான் எழுதவில்லை. நம் பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். இறந்தவர்களுக்கு நாம் திதி பார்க்கிறோம், பிறந்த பிள்ளைக்கு நட்சத்திரம் பார்க்கிறோம். போன வருஷம் ஒரே நாளில் இருந்த இரண்டும் இந்த ஐப்பசியில் பிரிந்துவிடுகின்றன. பிள்ளையின் மிருகசீரிடம் நவம்பர் ஏழு, வெள்ளிக்கிழமை. தம்பியின் தேய்பிறைப் பஞ்சமி ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. இங்கிலீஷ் தேதி கட்டிப்போட்டதை நம் பஞ்சாங்கம் அவிழ்த்துவிட்டது. வெள்ளிக்கிழமை கொண்டாடு. அது பொய்யும் இல்லை.

அருணா


ஆமத்தூர்
30.07.2025

மதினி,

மடிக்க எடுத்த துணி அப்படியே கிடக்கிறது, உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அம்மா வீட்டுக்குத் தீப்பெட்டி ஒட்ட வருகிற பெண்களுக்குப் படித்துக் காட்டினேன். கும்பகோணத்துப் பிள்ளைகளும் நிலாவுக்குப் போனவர்களும் ஒரே தேதி என்றதும் எல்லோர் கையும் பசையிலேயே நின்றுவிட்டது. முருகம்மாள் அக்கா, "அப்ப நாளுன்னா எம்புட்டுப் பெருசா இருக்கணும்!" என்றாள். பிறகு நாள் முழுக்க ஒருத்தியும் ஊர்க்கதை பேசவில்லை. அதுவே அதிசயம்தான்.

எமிலைப் பற்றிப் படித்தபோது உங்கள் மேல் இருந்த கோபம் கொஞ்சம் இறங்கியது. முழுவதும் இறங்கவில்லை. வராந்தாவில் நின்றீர்களே, அது அப்படியேதான் இருக்கிறது.

போன வாரம் பிள்ளைக்கு ஒன்பதாம் மாத ஊசி போடப் போனேன். தேவமணி சிஸ்டர் கார்டை வாங்கித் தேதியைச் சத்தமாக வாசித்துவிட்டார். சுற்றி அத்தனை பேர். நான் சுருங்கிப்போய் நின்றேன். அவரோ முகமெல்லாம் சிரிப்பாக, "அக்டோபர் இருபத்தொண்ணா? எங்க ஜாஸ்பினுக்கும் அன்னைக்குத்தாம்மா. நல்ல நாளு!" என்றார். நல்ல நாளு. அவருக்கு என் கதை தெரியாது. எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அன்றைக்கு நான் கட்டிலில் கிடந்த நேரத்தில் ஒரு வீட்டில் கேக் வெட்டிப் பாட்டுப் பாடியிருக்கிறார்கள். எனக்கு அது ஆச்சரியமாகத்தான் இருந்தது.

அந்தச் சுரங்க ஊரைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். அவ்வளவு பேர் செத்த அன்றைக்கு அந்த ஊரிலோ பக்கத்திலோ ஒரு பிள்ளையாவது பிறந்திருக்கும் இல்லையா? அதற்கு எப்போது பிறந்தநாள் கொண்டாடினார்கள்? அதை மட்டும் தேடிச் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. அம்மாவும் சரி என்கிறாள். நவம்பர் ஏழாம் தேதி வாருங்கள். இருபத்தொன்றைப் பற்றி இனிமேல் நாம் யாரும் பேச வேண்டாம். அது அவரோடு போகட்டும். பிள்ளைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று இருக்கட்டும். நம் வீட்டில் ஒருவர் வாயிலும் அந்தத் தேதி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பானு


திருத்தங்கல்
22.08.2025

பானு,

இதோடு ஒரு காலண்டர் தாள் வைத்திருக்கிறேன். முதலில் கடிதத்தைப் படி. தாளைப் பிறகு பார்.

அக்டோபர் இருபத்தொன்றுக்கு நான் மேட்டர் எழுத முடியாமல் நின்றேன் என்று சொன்னேன் அல்லவா. அப்போது ஆடிப் பதினெட்டு நெருங்கிவிட்டிருந்தது. முதலாளி கத்திக்கொண்டிருந்தார். ஐரோப்பாவில் நடந்த ஒரு கப்பல் போர், நோபல், விளக்கு, நேதாஜி, அபர்ஃபேன் என்று வருஷ வரிசையில் அடித்துக்கொண்டே வந்தேன். கை அங்கே நிற்கவில்லை. '2024: மாரிக்கண்ணன் போன நாள். மகள் மாரிசெல்வி வந்த நாள்' என்று அதையும் அடித்தேன். யாருக்கும் காட்டுவதற்கு இல்லை. நிலாவுக்குப் போனவர்களுக்கெல்லாம் இடம் கொடுத்த பெட்டியில் என் தம்பிக்கு ஓர் இடம், அவ்வளவுதான். எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ளேயே கிடக்கப் போகிறதுதானே என்று நினைத்தேன்.

நல்ல வரி ஒன்றை எடுத்து அடியில் வைக்க மறந்துவிட்டேன். வருஷ வரிசையில் கடைசியாக நின்றது அதுதான். பாண்டிராஜ் வழக்கம்போல் கடைசி வரியை எடுத்துப் போட்டுவிட்டான். அவன் மேல் தப்பில்லை. புரூஃப் பார்க்கிறவளும் நான்தான். மற்ற தாள்களையெல்லாம் எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். அந்தத் தாள் வந்தபோது மட்டும் பார்க்க மனசில்லாமல் திருப்பிவிட்டேன்.

அச்சு ஓடி முடிந்துவிட்டது. போன வாரம் தாளை வெட்டும்போது மெஷின்காரர் சங்கிலிமுத்து அண்ணன்தான் பார்த்தார். தாளைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். கண் கலங்கியிருந்தது.

முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். அவர் தாளை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "மாரிக்கண்ணன்னா எவனோ ஒரு தலைவர்னு நெனச்சுக்கிருவான், எவன் கேக்கப்போறான்" என்றார். பிறகு தாளை மேஜையில் வைத்துவிட்டு, "சாமி படத்துக்குக் கீழதான தொங்கப்போகுது, தொங்கட்டும் தாயி. ஆனா அந்தப் பிள்ளயோட ஆத்தாளக் கேட்டியா?" என்றார். கேட்கவில்லை என்றேன். "கேளு. தாளடுக்கிக் கட்டுறதுக்குப் புரட்டாசி கடைசி ஆயிரும். வேண்டாம்னா அந்த ஒரு தாள மறுபடி ஓட்டிக்கிருவோம்" என்று சொல்லிவிட்டார்.

எந்தத் தேதியை யாரும் வாயில் எடுக்க வேண்டாம் என்றாயோ, அதை நான் ஊர் உலகத்துக்கு அச்சடித்து வைத்திருக்கிறேன். சேலத்து டீக்கடையிலும் நாகர்கோவில் ரேஷன் கடையிலும் உன் மகள் பெயர் தொங்கப்போகிறது. வேண்டாம் என்று ஒரு வரி எழுது. நிறுத்திவிடுகிறேன். என்னையும் வர வேண்டாம் என்றால் அதையும் எழுது.

நீ கேட்ட பிள்ளையை அபர்ஃபேனில் தேடினேன். விருதுநகர் நூலகத்தில் ஒருவரைப் பிடித்து இங்கிலீஷில் உள்ளதையெல்லாம் பார்க்கச் சொன்னேன். செத்தவர்கள் பெயர் எல்லாம் வயதோடு இருக்கிறது. அன்றைக்குப் பிறந்த பிள்ளையைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அருணா


திருத்தங்கல்
19.09.2025

பானு,

பதில் இல்லை. கடிதம் சேர்ந்ததா என்று மட்டும் எழுது. புரட்டாசி பிறந்துவிட்டது. அடுக்குகிற பெண்கள் செப்டம்பர் தாள் வரை வந்துவிட்டார்கள்.

நேற்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்தத் தாளையும் காட்டினேன். எழுத்துக் கூட்டிப் படித்தாள். அதிலிருந்து என்னோடு பேசவில்லை. நான் என்ன செய்யட்டும்?

அருணா


ஆமத்தூர்
06.10.2025

மதினி,

சேர்ந்தது. தாளைப் பார்த்ததும் உங்களை என்னென்ன திட்டினேன் என்று எழுதினால் தபால்காரர் தொடமாட்டார். அரிசித் தகரத்துக்கு அடியில் போட்டு மூடிவிட்டேன். தவறி விழுந்தது என்கிறீர்கள். நான் நம்பவில்லை. உங்கள் கை தெரிந்தேதான் விட்டிருக்கும், உங்களுக்குத்தான் தெரியாது.

நிறுத்துங்கள் என்று எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவையும் அந்தச் சுரங்க ஊர் குறுக்கே வந்தது. செத்தவர்கள் பெயரெல்லாம் இருக்கிறது, பிறந்த பிள்ளையைப் பற்றி ஒன்றும் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஏன் கிடைக்கவில்லை என்று எனக்குத் தெரியும் மதினி. அதன் அம்மா என்னைப்போலவே மறுநாள் என்று சொல்லியிருப்பாள். அவளைச் சுற்றி இருந்தவர்களும், பாவம், அப்படியே இருக்கட்டும் என்று விட்டிருப்பார்கள். உலகத்திலேயே எல்லாத் தேதியும் தெரிந்த நீங்களே தேடியும் அந்தப் பிள்ளை அகப்படவில்லை. அவ்வளவு நன்றாக ஒளித்துவிட்டாள்.

நானும் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன். என்றைக்காவது யாராவது என் மகளைத் தேடினால் அகப்பட மாட்டாள். அவர் செத்தது மட்டும் அகப்படும்.

தகரத்தைத் தூக்கித் தாளை எடுத்தேன். வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். காந்திக்குப் போடுகிற அதே எழுத்து, அதே அளவு. மேலே பெரிதாக 21. போன நாள், வந்த நாள், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், ஒன்றையொன்று இடிக்காமல். பிள்ளையிடம் வாசித்துக் காட்டினேன். அவள் பேர் வந்த இடத்தில் திரும்பிப் பார்த்தாள்.

அந்தத் தாள் அப்படியே போகட்டும்.

வெள்ளிக்கிழமை வேண்டாம். வருகிற இருபத்தொன்றாம் தேதி, தீபாவளிக்கு மறுநாள், பயர் ஆபீஸ் எல்லாம் லீவு. மத்தியானம் அவருக்குப் படையல். சாயங்காலம் பிள்ளைக்குக் கேக். இரண்டும் இந்த வீட்டில்தான், இரண்டுக்கும் நீங்கள் வேண்டும். அத்தையையும் கூட்டி வாருங்கள். வரமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். வந்தால் ஒன்றே ஒன்று. அவுக வாயால் சொன்னதை அவுக வாயால்தான் திருப்பி எடுக்க வேண்டும். மன்னிப்பெல்லாம் வேண்டாம். என் மகளுக்கு இன்றைக்குப் பிறந்தநாள் என்று சொன்னால் போதும்.

பானு


திருத்தங்கல்
22.10.2025

பானு,

நேற்று முழுக்க உன்னோடுதான் இருந்தேன், இன்றைக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். நீ பார்க்காத ஒன்று நடந்தது. அதை எழுதாமல் என்னால் இருக்க முடியாது. புது நம்பரைக் கொடுத்துவிட்டாய்தான், ஆனால் இதைப் போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன்.

அம்மா காலையில் கிளம்ப மாட்டேன் என்றுதான் படுத்திருந்தாள். நான் செருப்பு மாட்டியபோது எழுந்து சேலையை மாற்றினாள். உன் வீட்டுக்குள் வந்ததிலிருந்து மூலையிலேயே உட்கார்ந்திருந்தாள், நீயும் பார்த்தாய். தம்பி படத்தைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்க்கவில்லை. தெருவில் பையன்கள் மிச்ச வெடியைப் போட்டபோது நானும் நீயும் உடம்பு தூக்கிப்போட்டு நடுங்கினோம். மாரிசெல்வி கையைத் தட்டிச் சிரித்தாள். அப்போதுதான் அம்மா முதல் தடவையாகத் தலையைத் திருப்பிப் பிள்ளையைப் பார்த்தாள்.

பிறகு படையல் முடிந்ததும் நீ அவன் இலையிலிருந்தே ஒரு வாய்ச் சோற்றை எடுத்துப் பிசைந்து பிள்ளைக்கு ஊட்டினாயே. ஒரே இலையில் அவனுக்கும் வைத்தாய், அவளுக்கும் கொடுத்தாய். எத்தனையோ வருஷமாகத் தேதிகளோடு குடித்தனம் நடத்துகிறவள் நான். ஒரு நாள் என்பது என்ன என்று நேற்றுத்தான் கண்ணால் பார்த்தேன்.

கேக் வெட்டும்போது அம்மா பேசுவாள் என்று நீயும் காத்திருந்தாய், நானும் காத்திருந்தேன். அவள் வாய் திறக்கவில்லை. பிள்ளையின் தலையைத் தொட்டாள், அவ்வளவுதான். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரம் கழுவப் போனது எனக்குத் தெரியும்.

கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் வந்தோம். கூட்டம் இல்லை. ஆமத்தூர் தாண்டியதும் அம்மா அழ ஆரம்பித்தாள். சத்தமே இல்லை, கண்ணீர் மட்டும். பக்கத்தில் சிவகாசிக்குப் போகிற ஒரு அம்மா, முன்பின் தெரியாதவர், மடியில் பலகாரப் பையோடு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏன்த்தா, தீவாளியும் அதுவுமா அழுகுறீக? என்ன விசேசம்?" என்று கேட்டார்.

மகன் செத்த நாள் என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எம் பேத்திக்கு இன்னைக்குப் பொறந்தநாளு" என்றாள்.

அந்த அம்மாவுக்கு என்ன புரிந்ததோ, "நல்லா இருக்கட்டும், நூறு வருசம் இருக்கட்டும்" என்று சொல்லிப் பையிலிருந்து இரண்டு அதிரசத்தை எடுத்து, "பிள்ளைக்குக் குடுங்க" என்று நீட்டினார். அம்மா அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்தும் அவிழ்க்கவில்லை. பிள்ளைக்கு இன்னும் பல்லே சரியாக முளைக்கவில்லை என்றேன். "நீ சும்மா இருடி, நனைச்சுக் குடுக்கலாம்" என்கிறாள். நாளைக் காலை முதல் பஸ்ஸுக்குப் போகவேண்டும் என்று இப்போதே விடியுமா விடியுமா என்று உட்கார்ந்திருக்கிறாள்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்கு முன்னால் அவள் வந்துவிடுவாள். கதவைத் திற.

அருணா